மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: "வேளச்சேரியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். தனியார் நிறுவனத்தில் வேலை, வயது 41. ஒவ்வொரு மழைக்கும் தெருவில் தண்ணீர் தேங்குவதற்காக அலைந்துகொண்டிருக்கிறேன். 'நீங்களே கவுன்சிலருக்கு நில்லுங்க சார், நாங்க இருக்கோம்' என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எந்தக் கட்சியிலும் இல்லை. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நிற்கலாமா?"

சட்டப்படி நிற்கலாம். 21 வயது நிரம்பி, சென்னை மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். நிற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய, அக்கம்பக்கத்தார் சொல்லும் வார்த்தையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கவுன்சிலர் பதவியால் உங்கள் தெருவுக்கு என்ன செய்ய முடியும், உங்கள் வார்டில் பாகம் பாகமாக (வாக்காளர் பட்டியலில் ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதிதான் பாகம்) எத்தனை ஓட்டு உங்களுடையது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். பணம், கட்சி, சின்னம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம், உங்களைக் கிளப்பியது அதுதான் என்பதால். உட்புறத் தெருவின் மழைநீர் வடிகால், அதில் தூர் வாருவது, தெருவிளக்கு, உட்புறச் சாலை, குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கொசு மருந்து ஆகியவை மாநகராட்சியின் வேலை. வார்டு உதவிப் பொறியாளரைக் கவுன்சிலர் கூப்பிட்டு நிறுத்திக் கேட்க முடியும். மண்டலக் குழுக் கூட்டத்திலும் ரிப்பன் மாளிகையில் மன்றக் கூட்டத்திலும் எழுந்து பேச முடியும். ஆண்டுதோறும் வார்டு மேம்பாட்டு நிதி என்று ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். அதிலிருந்து சிறு வேலைகளை அவர் பரிந்துரைக்கலாம்.

கழிவுநீர் மேன்ஹோல் பொங்கினால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்கம்பம் சாய்ந்தால் மின்வாரியம். பெரிய சாலைகளில் பல நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. வேளச்சேரியின் வெள்ளம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வனத்துறையின் கையில் இருக்கிறது. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நீரைக் கொண்டுபோகும் ஒக்கியம் மடுவு நீர்வளத் துறையிடம். உங்கள் தெரு வடிகாலை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும், அது கொட்டும் இடத்தில் நீர்மட்டம் ஏறியிருந்தால் தண்ணீர் திரும்பி உங்கள் வாசலுக்கே வரும். இந்த ஒரு பிரச்சினைக்காக மட்டும் பதவிக்குப் போகிறவர் இரண்டாவது மழைக்காலத்திலேயே சோர்ந்துவிடுவார். "ஜெயிச்சா தண்ணி நிக்காது" என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தவர் ஐந்து ஆண்டும் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே, அறிவிக்கும் முன் ஓர் ஆண்டு அந்த வேலையைப் பதவி இல்லாமல் செய்து பாருங்கள். உங்கள் தெருவை விட்டுவிட்டு வார்டின் மறுகோடிக்குப் போங்கள். அங்கே உள்ள குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், சந்துகளில், மார்க்கெட்டில் என்ன குறை என்று கேளுங்கள். 1913-இல் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள், முடிந்ததா என்று நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு மனு கொடுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், புகார் எண், முடிவு என்று நான்கு பத்தி போட்டு எழுதி வாருங்கள். காலை ஆறு மணிக்கு வரும் ஐந்தாவது போனையும் எரிச்சலில்லாமல் எடுக்க முடிகிறதா, வீட்டில் அதைப் பொறுத்துக்கொள்கிறார்களா என்பது இந்த ஓர் ஆண்டில் தெரிந்துவிடும். குப்பை வண்டி வரவில்லை, நாய் கடித்துவிட்டது, அப்பாவுக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்று வரும் போன்கள்தான் கவுன்சிலர் வேலையின் பெரும்பகுதி. இதில் பாதி மாநகராட்சிக்கே சம்பந்தமில்லாதது. ஆனாலும் ஓட்டுப் போட்டவர் அப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டார், பார்க்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

இனி ஓட்டுக் கணக்கு. சென்னையில் 200 வார்டு. 2022 பிப்ரவரி 19-இல் நடந்த தேர்தலில் வாக்காளர் ஏறக்குறைய 61 லட்சம் பேர், அதாவது வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம். பதிவானது சுமார் 43 சதவீதம்தான். ஆக ஒரு சராசரி வார்டில் விழுந்த ஓட்டு 13 ஆயிரம். வெல்பவருக்கு அதில் நாற்பது சதவீதம் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால் 5,200. போட்டி நன்றாகப் பிரிந்தால் 4,500 கூடப் போதலாம். உங்கள் இலக்காக 5,000 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தச் சராசரியை உங்கள் வார்டுக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள். வார்டுக்கு வார்டு அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. தவிர, 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (SIR) சென்னையில் ஏராளமான பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. பழைய பட்டியலை வைத்துப் போடும் எந்தக் கணக்கும் இப்போது செல்லாது. புதிய பட்டியலை எடுத்துத்தான் உட்கார வேண்டும்.

சங்கக்காரர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடமும் இதுதான். 120 வீடுள்ள ஓர் அடுக்குமாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் 200 பேர் இருப்பார்கள், 150 பேர் "கண்டிப்பா சார்" என்று எழுதுவார்கள். பட்டியலைத் திறந்தால், வாடகைக்கு வந்தவர் பலருக்கு ஓட்டு இன்னும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும். சிலருடையது பழைய வீடு இருந்த வார்டில் இருக்கும். இங்கே இருப்பது 180 என்று வைத்தால், அதிலும் பாதி பேர் சனிக்கிழமைத் தேர்தலை நீண்ட வார விடுமுறையாக்கிவிடுவார்கள். மிஞ்சுவது 80, 90 ஓட்டு. இப்படி பத்து அடுக்குமாடி சேர்ந்தாலும் ஆயிரத்தை எட்டாது. ஐயாயிரத்துக்கு மீதி நாலாயிரம் எங்கிருந்து வரும்? தவறாமல் வரிசையில் நின்று ஓட்டுப் போடும் தெருக்களிலிருந்துதான் வர வேண்டும். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது என்றால், இந்தத் தேர்தல் உங்களுடையதில்லை.

கணக்கைப் போடும் முறை: வார்டு வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். அவரோடு உட்கார்ந்து பெயர் பெயராகப் போய், உறுதி, பேசலாம், கிடையாது என்று மூன்று குறி போடுங்கள். இறந்தவர், வீடு மாறியவர் பெயரைத் தனியாகக் குறியுங்கள். "உறுதி"யில் பாதியையும் "பேசலாம்" என்பதில் பத்தில் ஒன்றையும் மட்டும் ஓட்டாக எண்ணுங்கள். ஏன் இவ்வளவு கடுமை என்றால், முகத்துக்கு நேரே யாரும் மறுப்பதில்லை. இப்படி எண்ணி 2,000-க்குக் கீழே நின்றால் இந்த முறை நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. மூவாயிரத்தைத் தாண்டினால் நிற்பதில் அர்த்தம் உண்டு. நடுவில் இருந்தால், கீழே சொல்லும் பூத் ஆட்கள் கிடைக்கிறார்களா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

இந்த வேலையில் இன்னொரு பயனும் இருக்கிறது. பாகத்துக்கு ஒருவர் கிடைக்கவில்லை என்றால், தேர்தல் நாளில் பூத் ஏஜென்ட்டும் கிடைக்க மாட்டார். 2022-இல் சென்னையில் சுமார் 5,800 வாக்குச்சாவடிகள், வார்டுக்குச் சராசரி 29. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை ஒருவரே உட்கார முடியாது, மாற்றாள் வேண்டும். ஆக 58 பேர். வெளியே மேசை போட்டு சீட்டு எழுதித் தர பூத்துக்கு இன்னும் இரண்டு பேர். சம்பளம் இல்லாமல், சாப்பாட்டுக்கும் டீக்கும் மட்டும் வரும் நூறு பேரைப் பெயர் சொல்லி எழுத முடிகிறதா பாருங்கள். நாற்பதிலேயே நின்றுவிட்டால் "நாங்க இருக்கோம்" என்ற வார்த்தைக்கு அவ்வளவுதான் எடை.

பணத்துக்கு வருகிறேன். 2022-இல் சென்னை மாநகராட்சி வார்டு உறுப்பினர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 90,000 ரூபாய். வைப்புத்தொகை பொதுப்பிரிவுக்கு 4,000, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2,000. அடுத்த தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் மாற்றி அறிவிக்கலாம், அறிவிப்பைப் பாருங்கள். 90,000 எப்படிக் கரையும் என்று தோராயமாகச் சொல்கிறேன். பூத் ஆட்கள் நூறு பேருக்கு ஒரு நாள் சாப்பாடு, டீ, தண்ணீர் தலைக்கு 300 என்றால் 30,000. மைக் கட்டிய ஆட்டோ நாளுக்கு 2,500 வீதம் ஒன்பது நாள், 22,500. நோட்டீஸ் இருபதாயிரம் அச்சிட்டால் 15 முதல் 20 ஆயிரம். மிச்சமிருக்கும் பதினெட்டாயிரத்தில் மாதிரி ஓட்டுச்சீட்டு, பேட்ஜ், ஒரு தெருமுனைக் கூட்டத்துக்கு மேசை நாற்காலி. உச்சவரம்புக்குள் ஒழுங்காகச் செய்ய முடியும், ஆனால் ஃப்ளெக்ஸுக்கும் பட்டாசுக்கும் சால்வைக்கும் இதில் இடமே இல்லை. கடன் வாங்கியோ நகையை வைத்தோ நிற்கவே கூடாது. 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். அதை வைத்து தேர்தல் கடனை அடைக்க நினைப்பவருக்கு, கான்ட்ராக்டரிடம் கை நீட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது. வார்டு கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

கடைசி இரண்டு இரவுகளில் ஓட்டுக்குப் பணக் கவர் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீங்கள் அதில் இறங்கக் கூடாது. அது குற்றம் என்பது ஒரு புறம், அந்தப் போட்டியில் சுயேச்சையால் யாரையும் மிஞ்சவும் முடியாது. வாங்கினவர்கள் எல்லோரும் கொடுத்தவருக்கே போடுகிறார்கள் என்பதும் இல்லை. ஓர் ஆண்டாகப் புகார் எண்ணோடு வாசலுக்கு வந்த ஆளுக்குப் போடுகிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். உங்கள் ஐயாயிரம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

சுயேச்சையா, கட்சியா என்ற கேள்விக்கு 2022 முடிவே பாதி பதில். 200-இல் தி.மு.க. தனியாக 153, அதன் கூட்டணிக் கட்சிகள் 25, அ.தி.மு.க. 15, பா.ஜ.க. 1, அ.ம.மு.க. 1, சுயேச்சைகள் 5. ஐந்து பேர் வென்றிருக்கிறார்கள் என்பதால் முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வார்டு முழுக்கத் தெரிந்த முகமாக இல்லாமல் சுயேச்சையாக வெல்வதற்கு வழி கிடையாது. கட்சி வழியும் குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். வட்டச் செயலாளரும் அவருக்குக் கீழே பதினைந்து ஆண்டு கொடி கட்டினவரும் விருப்ப மனுவோடு காத்திருப்பார்கள். நேற்றுச் சேர்ந்தவருக்கு அங்கே முறையும் இல்லை, நியாயமும் இல்லை. போதாக்குறைக்கு, கடைசி நேரத்தில் வார்டு கூட்டணிக் கட்சிக்குப் போய்விடும். 2022-இல் மனுத்தாக்கல் தொடங்கிய பிறகும் கட்சிகளின் வேட்பாளர் பட்டியல்கள் வந்துகொண்டிருந்தன. உங்களுக்கு ஒரு கட்சியின் கொள்கையில் உண்மையாகவே பிடிப்பு இருந்தால் இப்போதே சேர்ந்து பூத் கமிட்டியில் வேலை செய்யுங்கள். சீட்டுக்காக மட்டும் சேர்வதானால் வேண்டாம்.

சுயேச்சைக்கு நாட்கள் எவ்வளவு குறைவு என்பதை அந்தத் தேர்தலின் தேதிகளிலேயே பாருங்கள். அறிவிப்பு ஜனவரி 26, மனுத்தாக்கல் 28 முதல் பிப்ரவரி 4 வரை, பரிசீலனை 5, வாபஸ் 7, வாக்குப்பதிவு 19. சின்னம் கையில் வருவதே வாபஸ் முடிந்த பிறகு. பிரசாரம் 17-ஆம் தேதி மாலையோடு ஓய்ந்துவிட்டது. பத்து நாளில் ஒரு புதிய சின்னத்தை 30 ஆயிரம் பேர் மனதில் பதிய வைக்க வேண்டும். இலவசச் சின்னப் பட்டியலிலிருந்து விருப்பத்தைக் குறிக்கும்போது, கோட்டுப்படமாகச் சின்னதாக அச்சிட்டாலும் பாட்டிக்கும் தெரிகிற பொருளாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு சின்னத்தோடு குழம்பக்கூடிய உருவங்களை விட்டுவிடுங்கள்.

வார்டு இடஒதுக்கீட்டைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சென்னையில் பாதி இடங்கள் பெண்களுக்கு, அவற்றிலும் மீதியிலும் ஆதிதிராவிடருக்கான வார்டுகள் உண்டு. அரசாணை வந்தபின்தான் உங்கள் வார்டு எதில் என்பது உறுதி. பெண்கள் வார்டாக வந்துவிட்டால் மனைவியை நிறுத்தி நீங்கள் ஓட்டலாம் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அதைச் செய்யாதீர்கள். 'கவுன்சிலர் வீட்டுக்காரர்' அதிகாரிகளோடு பேசி, கவுன்சிலர் கையெழுத்து மட்டும் போடும் வார்டுகள் அந்த ஒதுக்கீட்டின் நோக்கத்தையே கொல்கின்றன. உங்கள் சங்கத்தில் கணக்கும் புகாரும் பார்த்துவரும் பெண் ஒருவர் இருந்தால், அவருக்கு நீங்கள் பூத் வேலை பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து வார்டிலும் நிற்கலாம். பெயர் மாநகராட்சிக்குள் எந்த வார்டில் இருந்தாலும் போதும், முன்மொழிபவர்தான் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகவும் வேறொன்றுக்காகவும் வேலையை ராஜினாமா செய்ய அவசரப்படாதீர்கள். இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதையொட்டித் தேர்தல் வரும் என்பது எதிர்பார்ப்புதான். 2016-இல் மனுத்தாக்கல் முடிந்த மறுநாள், அக்டோபர் 4-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு 2022 வரை சென்னைக்கு மன்றமே இல்லை. தனியார் வேலையில் இருப்பவர் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பணி விதிகளில் அரசியல் பதவி பற்றி என்ன இருக்கிறது என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு ஊழியர் என்றால் நிற்க முடியாது. நீங்களோ கூட்டாளி நிறுவனமோ மாநகராட்சியில் ஒப்பந்தம் எடுத்திருந்தாலும், மாநகராட்சிக்கு வரி பாக்கி இருந்தாலும் தகுதிச் சிக்கல் வரும். சொத்து வரி, தொழில் வரி ரசீதுகளை இப்போதே எடுத்து ஃபைலில் வையுங்கள்.

மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். பெயர் பட்டியலில் ஒரு மாதிரி, மனுவில் ஒரு மாதிரி. முன்மொழிபவரின் பாக எண், வரிசை எண் தவறு. பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம் காலி. "இல்லை" என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும், கோடு போட்டு விடக் கூடாது. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் வரும், மனைவியின் நகையும் வங்கிக் கணக்கும் உட்பட. அது எல்லோரும் படிக்கக் கூடிய ஆவணம். தண்ணீருக்காக மறியல் செய்து பதிவான வழக்கு இருந்தாலும் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் ஆபத்து. கடைசி நாளுக்குக் காத்திராமல் இரண்டாம், மூன்றாம் நாளே தாக்கல் செய்தால், குறை இருந்தால் திருத்தி இன்னொரு மனு போட நேரம் இருக்கும்.

செலவுக் கணக்கை மறக்கிறவர்கள் பெரும்பாலும் தோற்றவர்கள்தான். முடிவு வந்த 30 நாட்களுக்குள், வென்றாலும் தோற்றாலும், ரசீதுகளோடு கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாதபடி தகுதி நீக்கம் செய்யலாம். தினமும் இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து நோட்டில் எழுத, கணக்குத் தெரிந்த ஒருவரை இந்த வேலைக்கென்றே வையுங்கள். அவரை வீடு வீடாக ஓட்டுக் கேட்க அனுப்பாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வார்டுப் பட்டியல், புகார் நோட்டு, நூறு பெயர் கொண்ட தாள். உங்கள் பகுதியில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களில் அவை கூடுகின்றன. அங்கே யார் என்ன கேட்கிறார்கள் என்பதில் வார்டே தெரியும். அறிவிப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த மூன்று தாளையும் வீட்டாரோடும், உங்களிடம் நேராகப் பேசக்கூடிய இரண்டு பேரோடும் வைத்துப் பாருங்கள். அப்போதும் மனம் ஊசலாடினால் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, யார் யார் களத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்து வாபஸ் நாளுக்குள் முடிவெடுக்கலாம். முறைப்படி வாபஸ் வாங்கினால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். வாபஸ் கடிதத்தை நீங்களே கையெழுத்திட்டு, குறித்த நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் கடந்துவிட்டால், நீங்கள் பிரசாரம் செய்யாவிட்டாலும் உங்கள் பெயரும் சின்னமும் இயந்திரத்தில் இருக்கும், செலவுக் கணக்குக் கொடுக்கும் கடமையும் இருக்கும்.